நன்றியுரைக்கு முன் வந்த வெள்ளம்

மொன்றியல் தமிழர் கோடைகால ஒன்றுகூடல் ஒன்றியத்தில் கேள்வி கேட்பவருக்குப் பதில் கிடைப்பதில்லை, பதவிதான் கிடைக்கும். ஆனந்தராசாவுக்கு இது தெரியாது. அவர் ஒன்றியத்துக்குப் புதியவர்.

நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பலசரக்குக் கடைக்குக் கீழே இருந்த பேஸ்மென்றில் பொதுக்கூட்டம் நடந்தது. கோடை விடுமுறையில் லவால் நகரையும் தாண்டி வடக்கே, ஓர் ஆற்றங்கரைக் காம்பிங் முகாமில் ட்ரெய்லர் வீடுகளை வாடகைக்கு எடுத்துக் குடும்பங்களோடு தங்குவது என்று தீர்மானம் நிறைவேறியது. "வேற ஏதும் கேள்வி இருக்கோ?" என்று தலைவர் சிவராசா கேட்டார். அவர் அப்படிக் கேட்டால் கதிரைகளை மடிக்கத் தொடங்கலாம் என்று அர்த்தம். அதை அறியாத ஆனந்தராசா கையை உயர்த்தினார்.

"இல்லை அண்ணை, ஆத்தங்கரை எண்டு சொல்லுறியள். போன வருசம் மழைக்காத்து அடிச்சுச் சமையல் கொட்டில் பறந்ததெண்டும் கதைக்கினம். இந்த முறை வெள்ளம் வந்தால் நாங்கள் எங்கை போறது?"

கதிரை மடித்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சிவராசா வீடு விற்பனை முகவர். எந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரும் என்ற பேச்சை அவர் விரும்புவதில்லை. ஆனாலும் புன்னகைத்தார்.

"அருமையான கேள்வி. உதுக்கெண்டு ஒரு உபகுழு போடுவம். இணைப்பாளராய்த் தம்பி ஆனந்தராசாவை முன்மொழியிறன்."

செயலாளர் பிரசாந் வழிமொழிந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீடு திரும்பும் வழியில் மனைவி சிவமலர் கேட்டாள். "எங்கை போறதெண்டு சொன்னவையோ?"

"இல்லை. என்னை இணைப்பாளர் ஆக்கியிருக்கினம்."

"நல்லது. இனி வெள்ளம் உங்களைக் கேட்டுத்தான் வருமாக்கும்."

ஆனந்தராசா கோபிக்கவில்லை. அவருக்குக் கோபம் வருவது அரிது. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்குபவர். அதற்கு முன்பு பல காலம் ஒரு பேக்கரியில் கியூபெக்காரர்களோடு சேர்ந்து மாப் பிசைந்ததில் பிரெஞ்சும் கைவந்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய், தமக்கென்று எதுவும் கேட்கக் கூச்சப்பட்டு, பொதுவாக எல்லோரையும் காப்பாற்றும்படி வேண்டிவிட்டு வருவார். தம்பி என்று யாராவது அழைத்தால் மறுப்புச் சொல்லத் தெரியாது. அது அவருடைய நல்ல குணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

உபகுழுவின் முதற் கூட்டத்தில் அதன் பெயரில் புயலை முதலில் போடுவதா வெள்ளத்தை முதலில் போடுவதா என்று விவாதித்தார்கள். அடுத்த கூட்டம் பதாகையின் நிறம் பற்றியது. அதற்கடுத்தது, காம்பிங்கில் நடத்தப்போகும் வெள்ளப் பாதுகாப்பு மாநாட்டில் குத்துவிளக்கின் எந்தத் திரியை யார் ஏற்றுவது என்பது பற்றியது. எங்கே போவது என்ற கேள்வியை ஆனந்தராசா ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொண்டுவந்தார். அது ஒவ்வொரு முறையும் 'ஏனைய விடயங்கள்' என்ற கடைசிப் பகுதிக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்தப் பகுதி வரும்போது தேத்தண்ணியும் வந்துவிடும்.

மாநாட்டுக்கு ஒரு துறைசார் நிபுணர் வேண்டும் என்றார் பிரசாந். அவரே கண்டுபிடித்தும் கொண்டுவந்தார். நிபுணரின் பெயர் தமிழ்மாறன், சென்னையிலிருந்து வந்து கணினி நிறுவனமொன்றில் வேலை செய்யும் இளைஞர்.

"சென்னை வெள்ளத்தைக் கண்ணாலை கண்டவர்" என்று பிரசாந் அறிமுகப்படுத்தினார்.

"இல்ல சார், அப்ப நான் பெங்களூர்ல இருந்தேன்" என்றார் தமிழ்மாறன்.

"பரவாயில்லைத் தம்பி" என்றார் சிவராசா. "வீட்டுக்காரர் ஊரிலை நிண்டவைதானே? போனிலை சொல்லியிருப்பினம்."

உயிர்காப்பு அங்கிகள் வாங்கப்பட்டன. அவை இருந்த பெட்டிகளைச் சிவப்பு ரிப்பனால் கட்டி வைத்தார்கள். மாநாட்டுக்கு வரும் பிரதம விருந்தினர், அந்தப் பகுதி நகரசபை உறுப்பினர், ரிப்பனை வெட்டித் திறந்து வைப்பதாக ஏற்பாடு. அதுவரை எவரும் தொடக்கூடாது. காம்பிங் நிர்வாகம் மாநாட்டுக்கென்று மேட்டிலிருந்த மண்டபத்தை இலவசமாகத் தர முன்வந்தது. ஒன்றியம் நன்றியோடு மறுத்துவிட்டது. வெள்ளப் பாதுகாப்பு என்ற பதாகைக்குப் பின்னால் ஆறு தெரிந்தால்தான் படத்தில் பொருத்தமாக இருக்கும் என்று, தண்ணீரோரமாகவே பெரிய வெள்ளைக் கூடாரம் அடிக்கப்பட்டது. மேல் பாதையில் வாகனம் நிறுத்தும் இடமெல்லாம் பிரதம விருந்தினருக்கென்று கயிறு கட்டி ஒதுக்கப்பட்டது. மற்றவர்களின் கார்கள் கீழ்ப் புல்வெளியில் நின்றன. அவசர வழி என்று அம்புக்குறி போட்ட பலகையும் இருந்தது. அந்த வழிக்குக் குறுக்கே வரவேற்பு வளைவு எழுப்பப்பட்டதால் பலகையை வளைவிலேயே கட்டிவிட்டார்கள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

ஆனந்தராசாவும் சிவமலரும் வெள்ளிக்கிழமை வந்து இறங்கியபோது அவர்கள் காரில் இழுத்துவந்த ட்ரெய்லரின் சில்லு சேற்றில் புதைந்தது. பக்கத்து ட்ரெய்லரிலிருந்து வயதான ஒருவர் இரண்டு பலகைகளோடு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சேற்றில் முழந்தாளிட்டுப் பலகைகளைச் சில்லுக்கடியில் செருகி, காரை எடு என்று கையைக் காட்டினார். அவர் பெயர் பேனாட். ஒவ்வொரு கோடையும் மனைவி லூசெட்டுடன் அங்கே வந்து தங்குபவர். லூசெட்டுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் வாசலில் இருந்தபடியே புளூபெரிப் பை ஒரு துண்டு நீட்டினார். சிவமலர் பதிலுக்கு வடை கொண்டுபோய்க் கொடுத்தாள். லூசெட் அதிலிருந்த மிளகாயைக் கடித்துக் கண்ணீர் வடியச் சிரித்து, இன்னொன்று கேட்டார்.

அவர்களுடைய வரிசைதான் ஆற்றுக்கு மிகக் கிட்டியது. கரையில் ஒரு வெள்ளைக் கல்லைப் பேனாட் காட்டினார்.

"அது தண்ணீரில் மறைந்தால் உடனே மேல் பாதைக்குப் போய்விட வேண்டும்" என்று பிரெஞ்சில் சொன்னார். "பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது. நாளைக்குப் பெரிய மழை என்கிறார்கள். லூசெட்டின் சாய்வுப் பாதையை வசந்தகால வெள்ளம் கொண்டுபோய்விட்டது. படியில் அவளைத் தூக்கி இறக்க என்னோடு இன்னொரு ஆள் வேண்டும். ஆனந், நீ பலசாலியாகத் தெரிகிறாய்."

"நான் வருவேன்" என்றார் ஆனந்தராசா. நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "நிச்சயமாக வருவேன்."

எங்கே போவது என்ற கேள்விக்கு ஒருவழியாக விடை கிடைத்துவிட்டது. அன்றிரவே அதைச் சிவராசாவிடம் ஒப்புவித்தார். சிவராசா கேட்டு மகிழ்ந்தார்.

"நல்ல விசயம். நாளைக்கு ஏனைய விடயங்களிலை எடுப்பம்."

சனிக்கிழமை காலையே மழை தொடங்கிவிட்டது. மத்தியானம் மாநாட்டுக்குக் கூடாரம் நிறைந்தது. குத்துவிளக்கும் பிள்ளையார் படமும் இருந்ததால் எல்லோரும் சப்பாத்துகளையும் செருப்புகளையும் வாசலில் கழற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். ஆனந்தராசாவை மேடையில் இருத்தினார்கள். மொழிபெயர்ப்பும் நன்றியுரையும் அவருடைய பொறுப்பு. நன்றியுரைக்குப் பிறகு, வெள்ளம் வந்தால் வெளியேறுவதற்கான ஒத்திகை என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. நன்றியுரை ஒன்றியத்தில் பயங்கரமான பொறுப்பு. முந்தைய ஆண்டு நன்றியுரையில் ஒலிபெருக்கிக்காரரின் பெயர் விடுபட்டுப் போனதால் ஒன்றியம் உடைந்து இரண்டாகியிருந்தது. நன்றியுரை முடியுமுன் மேடையிலிருந்து எவரும் இறங்கக்கூடாது என்ற விதி அதன் பிறகு வந்தது.

விளக்குத்தான் எரிய மறுத்தது. ஏற்றும் ஒவ்வொரு முறையும் காற்று அணைத்தது. பற்றரியில் எரியும் விளக்கு ஒன்று காரில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அது சமயத்துக்கு ஒத்துவருமா என்று பேச்சு எழுந்தது. விளக்கும் ஆண்டவனுடையது, காற்றும் ஆண்டவனுடையது. இரண்டில் அவன் எதன் மூலம் பேசுகிறான் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் நாலு பேர் குடை பிடிக்க விளக்கு எரிந்தது.

தலைவர் உரை தொடங்கினார்.

"எங்கட சனம் கடலைக் கண்ட சனம். இந்த ஆறு எங்களுக்கு ஒரு ஆறே? ஆனாலும் ஒழுங்கெண்டு ஒண்டு இருக்கு. இந்த மாநாட்டுக்கு முந்தி வெள்ளம் வந்தால் என்ன செய்யிறதெண்டு எங்களுக்குத் தெரியாது. இண்டைக்குப் பிறகு எல்லாம் தெரியும். ஆனபடியால் வெள்ளம் வாறதெண்டால் இண்டைக்குப் பிறகு வாறதுதான் முறை."

கைதட்டல் எழுந்தது. அது அடங்குமுன் கூடாரத்திலிருந்த அத்தனை கைத்தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. அரசாங்கத்தின் அவசர எச்சரிக்கை. குழந்தைகள் காதைப் பொத்தின. சிவராசாவின் முகம் கறுத்தது. தம்முடைய உரை அப்படி இடைமறிக்கப்பட்டதை அவர் இதற்கு முன் கண்டதில்லை. பிரசாந் மைக்கைப் பறித்தார்.

"தொடக்கத்திலையே சொன்னனான், போனுகளை நிப்பாட்டி வையுங்கோ எண்டு. மேடைக்கு ஒரு மரியாதை இருக்கு. தயவுசெய்து."

எல்லோரும் வெட்கப்பட்டுப் போன்களை நிறுத்தினார்கள். ஆனந்தராசாவும் நிறுத்தினார். நிறுத்துமுன் அதிலிருந்த முதல் சொல்லை அவர் வாசித்திருந்தார்.

"அண்ணை" என்று சிவராசாவின் காதில் சொன்னார், "உது வெள்ளத்தைப் பற்றின எச்சரிக்கை."

"நாங்களும் அதைத்தானே தம்பி கதைச்சுக்கொண்டிருக்கிறம்" என்றார் தலைவர்.

நிபுணர் உரை அடுத்தது. தமிழ்மாறன் எழுந்து, "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான் சார், தண்ணி ஏறுதுன்னு தெரிஞ்சா மேட்டுக்குப் போயிடணும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒதுக்கிய நேரம் நிறைய மீதியிருந்தது. இது சபையை அவமதிக்கும் செயல் என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள்.

அந்த வேளையில்தான் பேனாட் வந்தார். தொப்பியிலிருந்து நீர் ஒழுக, ரப்பர் சப்பாத்தோடு, மழையில் தோய்ந்து நடுங்கிக்கொண்டு வரவேற்பு வளைவுக்குள்ளால் நுழைந்தார். ஆண்டவன் எச்சரிக்க நினைத்தால் முதலில் அடுத்த வீட்டுக்காரரைத்தான் அனுப்புவான் போலும். பிரசாந்தோ வேறு விதமாக விளங்கிக்கொண்டார்.

"பிரதம விருந்தினர் வந்திட்டார்! எல்லாரும் எழும்புங்கோ!"

நாதஸ்வர இசை ஒலித்தது. கூடாரம் எழுந்து நின்றது. பேனாட்டைக் கைபிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். ஆனந்தராசா பதறிப்போனார்.

"அண்ணை, இவர் அந்த விருந்தினர் இல்லை. இவர் பேனாட். எங்கட பக்கத்து ட்ரெய்லர்."

"தெரியுது தம்பி" என்றார் சிவராசா, உதடு அசையாமல். "படத்திலை அது தெரியாது."

பொன்னாடையை விரித்துப் பேனாட்டின் தோளில் போர்த்தினார். மஞ்சள் நிறம், அகலமான சரிகைக்கரை. முனைகளை நெஞ்சில் சேர்த்துவிட்டு, கைகூப்பி, ஓரடி பின்வாங்கினார். "டனிஸ்ரன், எடும்!" என்றார். படப்பிடிப்பாளர் டனிஸ்ரன் எடுத்தான். பேனாட் துணியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். அவருடைய நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. பிறகு அவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

அவர் உரத்துப் பேசினார். ஆனந்தராசா மொழிபெயர்த்தார்.

"தண்ணி ஏறுது எண்டு சொல்லுறார். வெள்ளைக் கல்லு மறைஞ்சிட்டுதாம். எல்லாரும் இப்பவே எழும்பி மேல் றோட்டுக்குப் போகட்டாம். ஒண்டையும் எடுக்க வேண்டாமாம்."

கூடாரம் அதிரக் கைதட்டினார்கள். அன்றைய உரைகளில் இதற்குத்தான் அதிகக் கைதட்டல். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார்.

பேனாட் குழம்பிப்போய், குரலைத் தாழ்த்தி, ஆனந்தராசாவைப் பார்த்து இன்னொரு வசனம் சொன்னார். "லூசெட்டைத் தூக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும்."

ஆனந்தராசா மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். சிவராசாவின் கை அதை வாங்கிக்கொண்டது.

"கேட்டியளே! வெள்ளைக்காரர் ஒருத்தர் எங்கட மாநாட்டுக்கு வந்து எங்கட கருப்பொருளையே கதைச்சிட்டார். ஒத்திகைக்கு இதைவிட நல்ல முன்னுரை வேணுமோ? அடுத்து, நன்றியுரை. அது முடிஞ்ச கையோட ஒத்திகை. தம்பி ஆனந்தராசா!"

ஆனந்தராசா பேனாட்டின் பக்கம் குனிந்தார். "இதோ வருகிறேன். நன்றி மட்டும் சொல்லிவிட்டு உடனே வருகிறேன்."

"யாருக்கு?"

"எல்லோருக்கும்."

பேனாட் அவரை ஒரு கணம் பார்த்தார். தலையசைத்துவிட்டு இறங்கி, பொன்னாடையோடு மழைக்குள் போனார்.

இந்த இடத்தில் ஆனந்தராசா மேடையிலிருந்து குதித்து ஓடினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் ஓடவில்லை. மைக்கைப் பிடித்தார். முன்வரிசையைப் பார்த்தார். உடைந்துபோன ஒன்றியம் நினைவுக்கு வந்தது. இவர்கள் எல்லோரும் தம்மைத் தம்பி என்று அழைப்பவர்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. வேகமாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று தம்மைத் தேற்றிக்கொண்டு தொடங்கினார்.

தலைவருக்கு நன்றி சொன்னார். செயலாளருக்கும் பொருளாளருக்கும் சொன்னார். நிபுணருக்குச் சொன்னபோது கூடாரத்தின் ஓரத்தால் தண்ணீர் உள்ளே வந்தது. பதாகை அச்சிட்டவருக்குச் சொன்னபோது கணுக்கால் நனைந்தவர்கள் பாதங்களைக் கதிரைக்கு மேலே தூக்கிக்கொண்டார்கள். ஒருவரும் எழும்பவில்லை. நன்றியுரையில் எழும்பிப் போனால் அதைப் பற்றிப் பல வருடம் கதைப்பார்கள்.

அந்த மாநாட்டிலிருந்து முதலில் வெளியேறியவை செருப்புகள். வாசலில் வரிசையாக இருந்த அவை தள்ளுமுள்ளு இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, அவசர வழிப் பலகைக்குக் கீழாக மிதந்து போயின. திட்டமிட்டபடி ஒழுங்காக நடந்த வெளியேற்றம் அது ஒன்றுதான்.

"இஞ்சை அண்ணை, என்ர சப்பாத்து! போன கிழமைதான் வாங்கினது!" என்று ஒருவர் எழும்பினார்.

"இருங்கோ, இருங்கோ. ஒலிபெருக்கி இன்னும் வரேல்லை" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஒலிபெருக்கி தந்துதவிய..." என்று ஆனந்தராசா சொன்னபோது ஒலிபெருக்கி ஒரு வெடிப்போடு நின்றது. மீதியைத் தொண்டை கிழியக் கத்திச் சொன்னார். சொல்லிக்கொண்டே பக்கத்துச் சமையல் கொட்டிலைப் பார்த்தார். தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த சிவமலரை அங்கே காணவில்லை. அடுப்பு அணைந்திருந்தது.

நன்றியுரை முடிந்தது. கைதட்டினார்கள். பிறகுதான் ஓடினார்கள். ரிப்பன் கட்டிய பெட்டிகள் மேடைக்குப் பின்னால் மிதந்தன. பிரதம விருந்தினர் வெட்டாத ரிப்பனை எவரும் வெட்டவில்லை.

ஆனந்தராசா வெறுங்காலோடு கீழ் வரிசைக்கு ஓடினார். முழங்காலளவு தண்ணீர் இழுத்தது. "முருகா, முருகா" என்று வாய் சொன்னது. அந்தப் பெயரைக் கூப்பிடத் தமக்கு என்ன தகுதி என்று மனம் கேட்டது. பேனாட்டின் ட்ரெய்லர் கதவு திறந்து அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கட்டில் வெறுமையாக இருந்தது. வாசலில் லூசெட்டின் சக்கர நாற்காலி குப்புறக் கவிழ்ந்து கிடந்தது, அதற்கு மேலால் தண்ணீர் போனது.

"லூசெட்!" என்று கத்தினார். "மடாம்!"

மழை மட்டும் கேட்டது. நாற்காலியைப் புரட்டிப் பார்த்தார். தண்ணீருக்குள் கைகளை விட்டுத் துழாவினார். வெள்ளிக்கிழமை நெஞ்சில் வைத்த அதே கை. எவ்வளவு நேரம் துழாவினார் என்று அவருக்குத் தெரியாது.

"இஞ்சாருங்கோ! மேலை வாங்கோ! இஞ்சை நிக்கிறம்!"

மேல் பாதையில், பிரதம விருந்தினருக்கு ஒதுக்கி வைத்த இடத்தில், கயிற்றை அறுத்துக்கொண்டு பேனாட்டின் பழைய பிக்கப் வண்டி நின்றது. முன் இருக்கையில் பொன்னாடையால் போர்த்தப்பட்டு லூசெட் இருந்தார். இடுப்புவரை நனைந்து நின்ற சிவமலர் கையை ஆட்டினாள். பக்கத்தில், அவளோடு தேத்தண்ணி போட்ட பிரஷாந்தினி, லூசெட்டைத் தூக்கி இறக்கியபோது படி கீறிய உள்ளங்கையில் இரத்தம் வடியத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி...?" என்றார் ஆனந்தராசா.

"அந்த மனுசன் கொட்டிலுக்குப் பக்கத்தாலை போனவர். ஒண்டும் கேக்கேல்லை. முகத்தைப் பாத்தன், அடுப்பை நிப்பாட்டினன்" என்றாள் சிவமலர். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கட நன்றி முடிஞ்சுதோ?"

பதிலுக்கு நிற்காமல் பிரஷாந்தினியின் கைத்துணியை இறுக்கிக் கட்டத் திரும்பினாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எல்லோரையும் பக்கத்து ஊர்ப் பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில் சேர்த்தார்கள். ஒருவருடைய உயிருக்கும் ஆபத்தில்லை. கார்களும் ட்ரெய்லர்களும் சேற்றில் போயின. ஊர்க்காரர்கள் போர்வைகள் கொண்டுவந்தார்கள். அவை பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்குமே போதவில்லை. நகரசபை உறுப்பினரிடமிருந்து பிரசாந்தின் போனுக்கு வந்த செய்தி அப்போதுதான் திறந்தது. வெள்ளம் காரணமாகப் பாதையை மூடிவிட்டோம், நீங்கள் அனைவரும் காலையிலேயே வெளியேறியிருப்பீர்கள் என நம்புகிறேன் என்று அதில் இருந்தது.

சிவராசா வெறுங்காலோடு மண்டபத்தின் நடுவில் போய் நின்றார்.

"அன்பானவர்களே, ஒத்திகை முழு வெற்றி! ஒரு சின்னக் குறை, சப்பாத்துகள். வாற வருசம் அதுக்கும் ஒரு உபகுழு போடுவம்."

சிலர் கைதட்டினார்கள்.

ஆனந்தராசா சுவரோரமாகக் குந்தியிருந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பற்கள் அடித்துக்கொண்டன. லூசெட்டை மடக்குக் கட்டிலில் இருத்திக் கம்பளி போர்த்தியிருந்தார்கள். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். பிரெஞ்சுச் சொற்கள் எல்லாம் தெரிந்திருந்தும் கால் எழவில்லை.

பேனாட்தான் அவரிடம் வந்தார். கையில் அந்தப் பொன்னாடை. பிக்கப்பின் வெப்பக்காற்றில் காய்ந்திருந்தது. ஆனந்தராசாவை எழும்பச் சொன்னார். பொன்னாடையை இரண்டு கைகளாலும் விரித்து, அவருடைய தோளில் போர்த்தினார். முனைகளை நெஞ்சில் சேர்த்துவிட்டார். கைகளைச் சற்றுக் கோணலாகக் கூப்பி, ஓரடி பின்வாங்கினார். மேடையில் கண்டதில் ஒன்றையும் அவர் மறந்திருக்கவில்லை.

"டனிஸ்ரன், படம், படம்!" என்று சிவராசா ஓடிவந்தார். "தம்பி, என்ன சொல்லுறார்? எல்லாருக்கும் கேக்கச் சொல்லும்!"

பேனாட் பேசினார். ஆனந்தராசா கேட்டார். கேட்டு முடித்துப் பொன்னாடையின் முனைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுமன் தம்பி. மொழிபெயர்ப்பாளர் நீர்தானே?"

மண்டபம் அவரைப் பார்த்தது. மைக் இல்லை. ஆனந்தராசா மெல்லத் தொடங்கினார்.

"உங்கட ஆக்களிலை உப்பிடித்தானே செய்யிறது எண்டு கேக்கிறார். தான் நனைஞ்சு நடுங்கிக்கொண்டு வந்தவராம். ஆரெண்டு ஒருத்தரும் கேக்கேல்லையாம். எல்லாரும் எழும்பி நிண்டினமாம். எங்கட தலைவர் ஓடிவந்து தன்னட்டை இருந்த நல்ல துணியை எடுத்துத் தனக்குப் போர்த்துவிட்டவராம். இந்த வயசுக்குத் தனக்கு அப்பிடி ஒருத்தரும் செய்யேல்லையாம். மனுசிக்கும் சொன்னவராம். இப்ப நான் குளிரிலை இருக்கிறதைக் கண்டு..."

வசனத்தை முடிக்காமல் சபையின் பக்கம் திரும்பினார்.

"மத்தியானம் மேடையிலை இவர் சொன்னதிலை ஒண்டை நான் சொல்லாமல் விட்டிட்டன். தன்ர மனுசியைத் தூக்க ஒரு ஆள் வேணும் எண்டு கேட்டவர். வாறன் எண்டு முதல் நாளே நான் சொல்லியிருந்தனான். அதுக்குப் பிறகுதான் உங்கள் எல்லாருக்கும் நன்றி சொன்னனான்."

ஒருவரும் கைதட்டவில்லை. டனிஸ்ரன் கமராவைத் தாழ்த்தினான். தமிழ்மாறன் தலையைக் குனிந்துகொண்டார். சிவராசா எதையோ சொல்லப் போனவர், தம்முடைய சேறு படிந்த வெறுங்கால்களைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார். கூரையில் மழை தணிந்துகொண்டிருந்தது.

லூசெட் கட்டிலிலிருந்து ஆனந்தராசாவைக் கைகாட்டி அழைத்தார். கிட்டப் போனதும், "உங்கள் ஆட்கள் ஏன் திடீரென்று பேசாமல் இருக்கிறார்கள்? ஏதும் நடந்துவிட்டதா?" என்று கவலையோடு கேட்டார்.

கம்பளிக்கு வெளியே லூசெட்டின் பாதங்கள் நனைந்த காலுறைகளோடு அப்படியே இருந்தன. குளிர் தெரியாத பாதங்கள் என்பதால் அவரும் கவனிக்கவில்லை, மற்றவர்களும் கவனிக்கவில்லை. ஆனந்தராசா தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தரையில் முழந்தாளிட்டு, அந்தக் காலுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.